வாசற்படிக்கு வந்த வைத்தியம்

என் சித்தி ஒருத்தி கும்பகோணத்தில் இருந்தாள். நான் மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த வருஷம் அவள் வாசற்படி தாண்டுவதை நிறுத்தினாள். நான் கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு முடித்துக்கொண்டு ஊர் திரும்பியபோதும் அவள் தாண்டவில்லை. இடையில் பதினோரு வருஷம் ஓடிப் போயிருந்தது.

ஆரம்பித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நானும் கூட இருந்தேன். பாத்திரக் கடையில் ஒரு வெண்கலப் பானையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று என் தோளைப் பற்றினாள். முகமெல்லாம் வியர்வை. “நெஞ்சை என்னமோ பண்ணுதுடா. நான் போயிடுவேன் போலிருக்கு” என்றாள். கடைக்காரர் நாற்காலி போட்டார். யாரோ சோடா வாங்கி வந்தார்கள். ரிக்ஷாவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் குழலை வைத்துப் பார்த்தார்; ஈ.ஸி.ஜி.யும் எடுத்தார். “இருதயத்துக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போய் வேலையைப் பாருங்கம்மா” என்று அனுப்பிவிட்டார்.

அடுத்த வாரம் கோயில் பிராகாரத்தில் மறுபடியும் அதே மாதிரி வந்தது. கோயிலுக்குப் போவதை விட்டாள். பிறகு கடைத்தெரு, பிறகு பக்கத்துத் தெரு, கடைசியில் திண்ணைக்கு வருவதையும் விட்டாள். முதலில் காற்றுக் கறுப்பு என்று சொல்லித் தாயத்துக் கட்டினார்கள். அப்புறம் ‘பிடிவாதம்’ என்றார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் பகலிலும் சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்தாள். அதற்கு ஊரில் ‘சோம்பல்’ என்று பெயர் வைத்தார்கள்.

அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே உலகம் தபால். நாத்தனார், ஓரகத்தி, பழைய பள்ளிக்கூடத் தோழி எல்லோருக்கும் இன்லண்ட் கடிதம் எழுதுவாள். அவற்றைப் பெட்டியில் போடுகிற உத்தியோகம் எனக்கு. காலை பதினொரு மணிக்குத் தபால்காரர் வருவார். அவர் நீட்டுவதை ரேழியில் நின்றபடியே கை நீட்டி வாங்கிக்கொள்வாள்.

சரித்திரக் கட்டுரை எழுத வந்தவன் சித்தி கதை சொல்லிக்கொண்டிருக்கிறேனே என்று வாசகர்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. அவளுக்கு வந்ததற்கு ஒரு பெயர் உண்டு என்பதும், வைத்தியம் உண்டு என்பதும், அந்த வைத்தியம் வேறு தேசங்களில் தபாலிலேயே வீடு தேடிப் போய்க்கொண்டிருந்தது என்பதும் எனக்குப் பல வருஷங்கள் கழித்துத்தான் தெரிய வந்தன. அந்தச் சரித்திரத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

அது யுத்தகளத்தில் தொடங்குகிறது. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின்போது பிலடெல்பியா நகரத்து ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஜேகப் டா கோஸ்டா என்ற டாக்டர் இருந்தார். அவரிடம் வந்த சிப்பாய்கள் பலருக்கு நெஞ்சு படபடத்தது, மூச்சு முட்டியது, தலை சுற்றியது. சோதித்துப் பார்த்தால் இருதயத்தில் கோளாறு தென்படவில்லை. முந்நூறு பேருக்குக் குறையாமல் பார்த்துவிட்டு, 1871-ல் அவர் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். எளிதில் எரிச்சலுறும் இருதயம் என்ற பொருளில் அந்த நோய்க்குப் பெயரும் வைத்தார். ஆனால் வியாதி இருதயத்தில்தான் இருக்கிறது என்று நம்பினார். ஓய்வும் டிஜிடாலிஸ் மருந்தும் கொடுத்தார்.

அதே 1871-ல் பெர்லினில் கார்ல் வெஸ்ட்பால் என்ற டாக்டர் மூன்று மனிதர்களைப் பற்றி எழுதினார். மூவருமே திடகாத்திரமானவர்கள். ஆனால் ஒரு மைதானத்தையோ ஆளில்லாத தெருவையோ தனியாகக் கடக்கச் சொன்னால் வெலவெலத்துப் போவார்கள். சந்தைவெளியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்து அதற்கு அகோராஃபோபியா என்று பெயர் சூட்டினார் வெஸ்ட்பால். ஒருவர் நெஞ்சைப் பார்த்தார்; மற்றவர் தெருவைப் பார்த்தார். நெஞ்சு படபடப்பதற்கு அஞ்சித்தான் மனிதன் தெருவுக்குப் போகாமல் இருக்கிறான் என்று இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சொல்ல வைத்திய உலகத்துக்கு வெகுகாலம் ஆயிற்று.

இடையில் வியன்னாவில் பிராய்டு 1895-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தத் திடீர்ப் பயத்தை விவரித்தார். மூச்சுத் திணறல், வியர்வை, செத்துப் போவோம் என்ற எண்ணம் எல்லாம் அதில் இருக்கின்றன. அவர் செய்த இன்னொரு காரியம் நம் கதைக்கு முக்கியம். குதிரைகளுக்குப் பயந்து தெருவில் இறங்க மறுத்த ஐந்து வயதுப் பையன் ஒருவனுக்கு அவர் சிகிச்சை செய்தார். பையனை அவர் சிகிச்சைக்காக நேரில் பார்த்தது ஒரே ஒரு தடவை. மற்றபடி தகப்பனார் எழுதி அனுப்புவார், பிராய்டு யோசனை சொல்லுவார். 1909-ல் இந்த விவரம் வெளியாயிற்று. பிராய்டு சொன்ன காரணங்களை இன்று பலர் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் நோயாளி எதிரே உட்காராமலே மனத்துக்கு வைத்தியம் செய்யத் துணிந்தார் என்பதை மறுக்க முடியாது.

முதல் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் படையில் இதே படபடப்பு ஆயிரக்கணக்கானவர்களுக்கு வந்தது. சிப்பாயின் இருதயம் என்றே அதற்குப் பெயர் வழங்கியது. தாமஸ் லூயிஸ் என்ற இருதய நிபுணர் இவர்களைப் படுக்கையில் கிடத்தி வைப்பதுதான் கெடுதல் என்று கண்டார். சிறிது சிறிதாகத் தேகப்பயிற்சி கொடுத்து எழுப்பி நடமாட விட்டார். பயப்படுகிறவனை ஓய்வெடுக்கச் சொல்லாதே, படிப்படியாக நடக்கச் சொல் என்ற பாடத்தின் ஆரம்பம் அது.

அந்தப் பாடம் ஒரு பெண்ணிடம் வந்து சேர்ந்த விதம் விசித்திரமானது. கிளேர் வீக்ஸ் 1903-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரத்தில் பிறந்தவர். முதலில் அவர் டாக்டர் அல்ல. பல்லி இனங்களை ஆராய்ந்த விலங்கியல் நிபுணர். 1930-ல் சிட்னி சர்வகலாசாலையில் விஞ்ஞானத்துக்கான டி.எஸ்ஸி. பட்டம் பெற்ற முதல் பெண்மணி. இளம் வயதில் அவருக்குக் காச நோய் என்று ஒரு டாக்டர் தவறாகச் சொல்லிவிட்டார். காச நோய் இல்லை என்று பின்னால் தெரிந்தது. ஆனால் நெஞ்சு படபடப்பு அவரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. லண்டனுக்குப் படிக்கப் போனபோதும் அது கூடவே போயிற்று. யுத்தத்தில் பணியாற்றிய நண்பர் ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, ‘இது வெறும் பயம், போர்முனையில் எங்களுக்கும் இப்படித்தான் அடித்துக்கொண்டது’ என்ற பொருளில் சாதாரணமாகச் சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. தான் படபடப்புக்கே பயந்துகொண்டிருந்ததை வீக்ஸ் உணர்ந்தார்.

பிறகு வைத்தியப் படிப்புப் படித்து 1945-ல் டாக்டரானார். தம்மிடம் வந்த நோயாளிகளுக்கு அவர் சொன்னது இதுதான்: முதல் பயம் உடம்பில் தானாக எழுகிறது, ‘ஐயோ, வந்துவிட்டதே’ என்று நாம் சேர்ப்பது இரண்டாவது பயம். முதலாவதைத் தடுக்க முடியாது. இரண்டாவதைச் சேர்க்காமல் இருக்கப் பழகலாம். எதிர்கொள், ஏற்றுக்கொள், மிதந்து போ, காலம் கடக்கட்டும் என்று நாலே படிகளில் அதை அடக்கினார். 1962-ல் அவருடைய புத்தகம் வெளிவந்து பல தேசங்களில் விற்றது.

புத்தகத்தைப் படித்தவர்களிடமிருந்து கடிதங்கள் வந்து குவிந்தன. பலரும் வீட்டை விட்டு வெளியே வர முடியாதவர்கள். ‘டாக்டரிடம் வா’ என்று சொல்லிப் பயனில்லை. வர முடிந்தால் அவர்களுக்கு வியாதியே இல்லையே! ஆகவே வீக்ஸ் தம் குரலையே அனுப்பினார். கிராமபோன் தட்டுகளிலும் பின்னால் காஸெட்டுகளிலும் பேசிப் பதிவு செய்தார். சிறு பத்திரிகை மாதிரி தாள்கள் அச்சிட்டு அனுப்பினார். அவருடைய தட்டைப் போட்டுக் கேட்டுவிட்டு, அந்தத் தைரியத்தில் தெருமுனை வரை போய் வந்தவர்கள் உண்டு. இப்படித் தூரத்திலிருந்து வழி காட்டப்பட்ட ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களைப் பற்றி 1973-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவர் எழுதினார். பெரும்பாலோருக்குக் குணம் தெரிந்ததென்று அவர் தெரிவித்தார். அவருடைய கணக்கில் ஆராய்ச்சிக்காரர்கள் குறை காணலாம். ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு கூட்டம் அதில் இல்லை. ஆனால் வழி திறந்துவிட்டது.

இதே காலத்தில் நியூயார்க்கில் டொனால்ட் கிளைன் என்ற டாக்டர் இமிப்ரமின் என்ற மாத்திரையைப் பரிசோதித்தார். அவருடைய வார்டில் ஒரு நோயாளி, செத்துப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு அடிக்கடி நர்ஸுகளிடம் ஓடி வருவார். மாத்திரை கொடுத்துச் சில வாரங்களுக்குப் பிறகு, ஒன்றும் தேவலை இல்லை என்று அவரே சொன்னார். நர்ஸுகள்தான் கவனித்தார்கள், அவர் ஓடி வருவது நின்றிருந்தது. பொதுவான கவலை வேறு, இந்தத் திடீர்ப் பீதி வேறு என்று கிளைன் 1964-ல் எழுதினார். 1980-ல் அமெரிக்க மனோவைத்தியர்களின் நோய்ப் பட்டியலில் ‘பீதி நோய்’ தனிப் பெயரோடு இடம் பெற்றது. டா கோஸ்டாவின் சிப்பாய்களிலிருந்து கணக்கிட்டால் நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஆக்ஸ்போர்டிலிருந்த டேவிட் கிளார்க் 1986-ல் அதன் உள்யந்திரத்தை விளக்கினார்: உடம்பில் சாதாரணமாக ஏற்படும் ஒரு துடிப்பை மரணத்தின் அறிகுறி என்று மனம் தப்பாகப் படிக்கிறது, அந்தப் பயத்தால் துடிப்பு இன்னும் கூடுகிறது. கூடியது முன்னையதற்குச் சாட்சியாகிவிடுகிறது. வட்டம் சுற்றிக்கொண்டே போகிறது. என் சித்தி பாத்திரக் கடையில் நின்றது இந்த வட்டத்துக்குள்தான்.

தூரத்துக்கு வைத்தியம் செய்யத் தபால் போலவே டெலிபோனும் உதவிற்று. 1953-ல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்கள் கூப்பிடட்டும் என்று ஒரு டெலிபோன் எண்ணை அறிவித்தார். நேரிலும் ஆட்கள் வந்தார்கள். காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுக்கத் தொண்டர்கள் சேர்ந்தார்கள். அந்தத் தொண்டர்களோடு பேசிவிட்டே பலர், பாதிரியாரைப் பார்க்காமலே ஆறுதலோடு திரும்பிப் போனார்கள். காது கொடுத்துக் கேட்பவனுக்குப் பட்டம் அவசியமில்லை என்று அவர் புரிந்துகொண்டார். சமாரிட்டன்ஸ் என்ற அந்த ஸ்தாபனம் அப்படித்தான் வளர்ந்தது.

பிறகு யந்திரம் வந்தது. 1966-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் பேராசிரியர் ஜோசப் வைஸன்பாம், எலைசா என்ற ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை வெளியிட்டார். நாம் டைப் செய்வதையே சிறிது மாற்றிக் கேள்வியாகத் திருப்பிப் போடும். மனோவைத்தியர் பேசுவது போல இருக்கும். அது வெறும் வித்தை என்று அவருக்குத் தெரியும். அது தயாராவதைப் பல மாதங்கள் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய காரியதரிசி அம்மாளுக்கும் தெரியும். ஆனாலும் அதனோடு ‘பேச’ உட்கார்ந்த அந்த அம்மாள், சற்று நேரத்தில் அவரை அறையை விட்டு வெளியே போகும்படி கேட்டுக்கொண்டாள். வைஸன்பாம் திடுக்கிட்டுப் போனார். மனிதன் செய்ய வேண்டிய சில காரியங்களை யந்திரத்திடம் விடக் கூடாது என்று 1976-ல் ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு அந்தச் சம்பவத்தில் யந்திரத்தின் சாமர்த்தியம் தெரியவில்லை. கேட்க ஓர் ஆள் கிடைக்காத ஏக்கம்தான் தெரிகிறது.

யந்திரத்தை நல்ல விதமாகவும் உபயோகிக்கலாம் என்று காட்டியவர் லண்டனிலிருந்த ஐஸக் மார்க்ஸ். வீட்டுக்குள் முடங்கியவர்களைப் படிப்படியாக வெளியே அனுப்பும் சிகிச்சையில் அவர் கைதேர்ந்தவர். 1987-ல் அவரும் சகாவும் வெளியிட்ட ஆராய்ச்சியில் சிலருக்கு டாக்டரும், சிலருக்குக் கம்ப்யூட்டரும், சிலருக்கு ஒரு புத்தகமும் வழி சொல்லின. மூன்று கூட்டத்தாரும் ஏறக்குறைய ஒரே மாதிரி முன்னேறினார்கள். பின்னால் அவர் வகுத்த ஃபியர்ஃபைட்டர் என்ற கம்ப்யூட்டர் சிகிச்சையைப் பீதிக்கும் அச்சங்களுக்கும் உபயோகிக்கலாம் என்று 2006-ல் பிரிட்டனின் வைத்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் சிபாரிசு செய்தது.

இணையம் வந்ததும் ஸ்வீடன் முந்திக்கொண்டது. ஜனங்கள் குறைவு, தூரம் அதிகம், பயிற்சி பெற்ற மனோவைத்தியர்கள் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார்கள். உப்சாலா நகரத்தில் பெர் கார்ல்பிரிங், கெர்ஹார்ட் ஆண்டர்சன் முதலியவர்கள் பீதி நோயாளிகள் 41 பேரைச் சேர்த்து நடத்திய பரிசோதனை 2001-ல் வெளியாயிற்று. நோயாளி தன் வீட்டில் உட்கார்ந்து பாடத்தைப் படிப்பார். பாடம் என்றால் வெறும் உபதேசமில்லை. வேண்டுமென்றே மாடிப்படியில் ஏறி இறங்கி நெஞ்சைப் படபடக்க விட வேண்டும். படபடத்தும் உயிர் போகவில்லை என்று பார்க்க வேண்டும். அடுத்த வாரம் கடையில் வரிசையில் நிற்க வேண்டும். என்ன நடந்ததென்று எழுதி அனுப்பினால் மறுமுனையிலிருந்து ஒருவர் படித்துப் பதில் எழுதுவார். காத்திருந்த மற்றவர்களைவிட இவர்கள் தெளிவாகத் தேறினார்கள்.

2005-ல் 49 பேரை வைத்து, நேரில் பத்து முறை டாக்டரைப் பார்ப்பதையும் இணையத்தில் பத்துப் பாடம் படிப்பதையும் ஒப்பிட்டார்கள். முடிவில் பெரிய வித்தியாசமில்லை; ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் இல்லை. 2006-ல் 60 பேர் பங்கு பெற்ற பரிசோதனையில் வாரம் ஒரு முறை டெலிபோனில் பத்து நிமிஷம் போலப் பேசுவதையும் சேர்த்தார்கள். 2007-ல் ஸ்டாக்ஹோமில் இதற்கென்றே அரசாங்க வைத்தியத்தைச் சேர்ந்த ஒரு பிரிவு ஆரம்பமாயிற்று. அங்கே 2007 முதல் 2012 வரை இந்த முறையில் சிகிச்சை பெற்ற 570 பீதி நோயாளிகளைப் பற்றிய கணக்கும் வெளிவந்திருக்கிறது. 2012-ல் வீக்ஸ் பிறந்த சிட்னி நகரத்திலேயே, ஆஸ்திரேலியா முழுவதற்குமாக மைண்ட்ஸ்பாட் என்ற இணைய வைத்தியசாலை தொடங்கிற்று.

இந்த ஆராய்ச்சிகளில் பீதியோடு மனச்சோர்வையும் அளந்தார்கள். பீதி குறைந்தபோது அதுவும் குறைந்தது. இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. சித்தி முதலில் தெருவுக்குப் பயந்தாள். சுவரைப் பார்த்துப் படுத்தது பிறகுதான். வெளியே போக முடியாதவன் தன்னை உபயோகமற்றவன் என்று நினைக்கிறான். அப்படி நினைப்பவனுக்கு எழுந்திருக்கவே காரணம் இருப்பதில்லை. கதவு திறந்தால், மூடிய கதவால் வந்த இருட்டு கொஞ்சமாவது விலகுகிறது. எல்லோருக்கும் அப்படி என்று சொல்லமாட்டேன். மனச்சோர்வு முற்றி, உயிரை விட வேண்டும் என்ற நினைப்பே வந்துவிட்டவர்களுக்குப் பாடமும் கடிதமும் போதாது. பக்கத்தில் ஆளும் நேரில் டாக்டரும் வேண்டும்.

இன்னொரு விஷயமும் தெரிய வந்தது. இந்த முழுக் கதையிலும் அதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். பாடத்தை மட்டும் இணையத்தில் போட்டு, ‘நீங்களே படித்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டால் ஜனங்கள் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள், பலனும் குறைகிறது. வாரத்துக்கு ஒரு முறை ஒரு மனிதர் நாலு வரி எழுதினால் பெரும்பாலோர் நிலைத்து நிற்கிறார்கள். அந்த நாலு வரியில் பெரிய தத்துவம் இருப்பதில்லை. ‘கடைவரை போய் வந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லது, அடுத்த வாரம் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள்’ என்பது போல இருக்கும். தான் போய் வந்ததைப் படிக்க ஓர் ஆள் இருக்கிறார் என்பதுதான் விஷயம். வைத்தியம் தூரத்தைக் கடந்துவிட்டது. மனிதன் இல்லாமல் அது நடக்கவில்லை.

நம் நாட்டிலும் வழி பிறந்திருக்கிறது. சென்னையில் சிநேகா 1986 முதல் துயரப்படுவோர் சொல்வதைக் கேட்டு வருகிறது. டாக்டர்கள் தூரத்திலிருந்தபடியே வைத்தியம் செய்வதற்கான விதிமுறைகளைக் கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், மத்திய அரசாங்கம் வெளியிட்டது. 2022 அக்டோபர் 10 அன்று டெலி-மானஸ் ஆரம்பமாயிற்று. 14416 என்ற எண்ணைச் சுழற்றினால் தமிழிலேயே பேசலாம். ஸ்வீடனில் இருப்பதைப் போல வாராவாரம் பாடமும் பதிலுமாக நடத்துகிற ஏற்பாடு வேறு காரியம். ஆனால் முதல் வார்த்தையைச் சொல்லவும் கேட்கவும் இது போதும்.

சித்தி காலமாகி வெகு நாளாகிவிட்டது. பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவள் அந்த வாசற்படியைத் தாண்டியது நாலு பேர் தூக்கிப் போனபோதுதான். அப்புறம் உறவுக்காரர்கள் வீடுகளில் அவளுடைய பழைய கடிதங்கள் சிலவற்றைப் பார்த்தேன். எல்லோருடைய உடம்பையும் விசாரித்திருக்கிறாள். குழந்தைகளின் இருமலுக்குக் கஷாயம் சொல்லியிருக்கிறாள். தன்னைப் பற்றி ஒன்றிலும் ஒரு வரி இல்லை. அவளுக்கு வந்த பதில்களிலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். தபால்காரர் தினமும் பதினொரு மணிக்கு வந்தார். கடிதங்களைப் பெட்டியில் போட்டவன் நான். ஒரு நாளாவது, “பயமா இருக்கா சித்தி?” என்று நானும் கேட்டதில்லை.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒருவர் இருக்கலாம். ஈ.ஸி.ஜி. சரியாக இருப்பது நல்ல செய்திதான். அதோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த கேள்வியைக் கேளுங்கள்.